ஆண்டாயி பூசிய சுவர்

கொட்டாங்கச்சியில் சிமென்டைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது ஆண்டாயியிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் கொஞ்சம் கூடினால் வழியும், குறைந்தால் உதிரும். பதம் வந்ததும் வலதுகை ஆள்காட்டி விரலால் தொட்டு, சுவரில் ஓடும் விரிசலின் மேல்முனையிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுப்பார். ஈரத்துணியால் ஓரங்களைத் துடைப்பார். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் வருடம் தவறாமல் நடக்கிற வேலை இது. அந்த விரல்நுனி தேய்ந்து வழவழத்துப்போய், ரேஷன் கடைக் கைரேகை இயந்திரம் அதை ஏற்பதில்லை. அலட்டிக்கொள்ளாமல் இடதுகையை நீட்டிவிடுவார்.

"தாலி கட்டுனது நானு, இவ குடும்பம் நடத்துறது செவுத்தோட" என்பார் கணவர் சங்கிலி. இளைப்புக்காரர். ஒரு வாக்கியம் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்கினாலும் கிண்டலை விட மாட்டார்.

ஆண்டாயி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஒரு வெடிப்ப விட்டா குளிரு உள்ள வந்து குந்திக்கும். அப்புறம் எழுப்ப ஏலாது."

அந்த 'ஏலாது' இலங்கையிலிருந்து கூடவே வந்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்கான வரிசை வீடான லயத்தில் பிறந்து, பாவாடைச் சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். இங்கும் தோட்டம், இங்கும் லயம். இரண்டு நாட்டிலும் வேலை இருக்கும்வரைதான் தலைக்கு மேல் கூரை. துரையோ கணக்கப்பிள்ளையோ லயத்தைப் பார்க்க வந்துவிட்டால், வாசல் பெருக்கி, அடுப்படி மெழுகி, 'நாங்க நல்லா வச்சிருக்கோம்' என்று காட்ட வேண்டும். நன்றாக வைத்திருப்பவர்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆயுளில் இதைவிட உறுதியாக அவர் கற்றது எதுவுமில்லை. கொழுந்து கிள்ளி ஓய்ந்தபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு, சாலைக்குக் கீழே சரிவில் ஓர் அறையும் சமையலறையுமாகக் கட்டிய இந்த வீடுதான் யாரும் பார்வையிட வராத முதல் வீடு.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர் ஏஜெண்ட் தேவநேசன். தீ, மண்சரிவு தவிர, தற்செயலாக நேரும் சேதத்துக்கும் சேர்த்து எழுதச் சொன்னவரும் அவர்தான். "எதிர்பாராம, திடீர்னு ஏதாச்சும் இடிஞ்சா அதுக்கும் கிடைக்குமுங்கக்கா. ஊட்டை மட்டும் நல்லாப் பராமரிக்கோணும்." பராமரிப்பா? ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்தப் புரட்டாசியில் ஒரு பட்டப்பகல். நாய்கள் துரத்த, காட்டெருமை ஒன்று சரிவில் பாய்ந்து இறங்கி, வீட்டையொட்டித் தண்ணீர்த் தொட்டி நின்ற இரும்புக் காலில் மோதிவிட்டு ஓடியது. நிரம்பியிருந்த தொட்டி சமையலறைச் சுவர்மேல் சாய்ந்தது. சுவர் முழுவதுமாக அடுப்பின்மேல் படுத்துவிட்டது. ஆண்டாயி குழாயடியில் இருந்ததால் தப்பித்தார். இதைவிடத் திடீரென்று ஒரு வீடு எப்படி இடிய முடியும்?

சேதத்தை மதிப்பிடக் கம்பெனி சர்வேயர் வருகிறார் என்றதும் ஆண்டாயி துடைப்பத்தை எடுத்தார். விழுந்த கல்லை ஓரமாக அடுக்கினார். மிச்சமிருந்த தரையை மெழுகினார். வந்தவர் மரியாதையான இளைஞர். இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார். ஆண்டாயி அவரைச் சுவர் சுவராக அழைத்துப்போனார்.

"இது போன வருசம் பூசுனதுங்க ஐயா. இந்தாப் பெரிசா ஓடுது பாருங்க, இது ஊடு கட்டுன மறு வருசமே விட்டுருச்சு. ஒண்ணையும் நான் சும்மா விடல்ல."

சர்வேயர் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். தெளிவாக விழட்டும் என்று ஆண்டாயி முந்தானையால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு கல்லைத் தேடி எடுத்து, "செவுரு போயிருச்சு, நான் பூசுனது விடல்ல பாருங்க" என்றும் காட்டினார். பின்னால் நின்ற தேவநேசன் போதும் போதும் என்று கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு இன்னொரு தேநீர் வேண்டும்போல என்று நினைத்து ஊற்றிக் கொடுத்தார் ஆண்டாயி.

முடிவைச் சொல்லவும் தேவநேசன்தான் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எருமை இடிச்சது திடீர்னுதானுங்க, அதை அவங்களும் ஒத்துக்கறாங்க. ஆனா செவுரு ரொம்ப வருசமா வெடிச்சு வெடிச்சு ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னு சர்வேயர் எழுதிட்டாருங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கெட்டதுக்கு இதுல தர மாட்டாங்க."

"வெடிச்சது அவருக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"நீங்கதானுங்கக்கா காட்டுனீங்க."

ஆண்டாயி அடுக்கி வைத்த கல்லைத் திரும்பிப் பார்த்தார். "நான் பாத்துக்கிட்டதத்தானே காட்டுனேன்? பூசாம விட்டிருந்தா?"

"அப்பப் பராமரிக்கலைன்னு சொல்லியிருப்பாங்க." தேவநேசன் தரையைப் பார்த்தார். "மேல எழுதிப் பாக்கலாமுங்க." அந்தக் குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை. ஆண்டாயி யாரையும் திட்டவில்லை. நல்லா வச்சிருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க என்று நம்பியிருந்தவருக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

மழை இறங்கிவிட்டது. சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் படபடக்கிறது. விறகடுப்பு முன்னறைக்கு வந்துவிட்டது, புகையும் கூடவே. சங்கிலியின் கிண்டல் நின்றுபோய் இருமல் மட்டும் கேட்கிறது. பழைய தோட்டத்தில் லயத்து அறை ஒன்றை வாடகைக்கு விடுவதாக யாரோ சொன்னார்களாம்.

"அங்கேயே போயிரலாமா புள்ள?" என்றார் சங்கிலி ஒருநாள். ஆண்டாயி எழுந்துபோய் மிச்சமிருந்த சிமென்டை எடுத்தார்.

முன்னறைக் கதவுக்கு மேலே புதிதாக ஒரு விரிசல், நூல் பிடித்ததுபோல் இறங்கியிருந்தது. கொட்டாங்கச்சியில் குழைத்தார். பதம் பார்த்தார். முக்காலிமேல் ஏறி, விரலால் தொட்டு, விரிசலின் மேல்முனைவரை கையைக் கொண்டுபோனார்.

கை அங்கேயே நின்றது. படம் எடுக்க யாரும் வந்து நிற்கிறார்களா என்பதுபோல் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாருமில்லை, மழைதான். கீழே இறங்கி, சாந்து ஒட்டிய விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.