எஸ்தரின் இரண்டாவது வணக்கம்

திங்கட்கிழமை காலை கவுன்டரைத் திறந்துகொண்டிருந்தபோது, எஸ்தர் போய்விட்டாள் என்று போன் வந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். அழுகைக்கு முன்னால் எனக்குச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அன்று அவள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, வணக்கம் வைக்காமல் வந்திருந்தேன்.

சித்தூரில் எங்கள் தபால் நிலையத்துக்கு வந்துபோன உங்களில் பலருக்கு அந்த வணக்கம் தெரியும். நானும் அவளும் பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கவுன்டர். இருவருக்கும் ஒரே மாதத்தில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். எஸ்தர் என்னைச் சர்ச் ஹாலில் நடந்த கராத்தே வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே பாயில் மோதலுக்கு முன் ஒரு வணக்கம், முடிந்ததும் ஒரு வணக்கம். முதல் வாரமே என் மூக்கில் குத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் இடுப்பை மடித்துக் குனிந்தாள்.

"பாய்ல நடந்தது பாயோட, வள்ளி. குனி."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

அந்த இரண்டாவது வணக்கத்தை ஆபீசுக்கும் கொண்டுவந்துவிட்டாள். பார்சல் வரவில்லை என்று பக்கத்துக் குடிபாலா ஊர்க்காரர் ஒருவர் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டித் தீர்த்தார். எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, முழுவதையும் கேட்டாள். பார்சலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பிறகு எழுந்து குனிந்தாள். மனிதர் மிரண்டுபோனார்.

"நான் திட்டிக்கினு இருக்கறேன், நீ இன்னாம்மா கும்புடற?"

"சண்ட முடிஞ்சிச்சி இல்ல சார்."

மறுநாள் ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். சர்க்கரைக்காரிகள் இருவரும் ஆளுக்கு இரண்டு தின்றோம்.

சனிக்கிழமைச் சண்டை பச்சை பெல்ட்டைப் பற்றியது. திருப்பதியில் தேர்வு; இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். உடம்பை வருத்த வேண்டாம் என்று டாக்டர் அவளுக்குச் சொல்லியிருந்தார். "இந்த வயசுல பெல்ட்ட கட்டிக்கினு எங்க போவப்போற?" என்று கேட்டுவிட்டேன். பயத்தில் கேட்டதுதான், ஏளனமாகப் போய் விழுந்தது.

"பயந்துக்கினு குந்திக்கினு இருக்கறதுக்கா இத்தினி நாளு ஒத வாங்கினேன்?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அடக்கத்தன்று பெட்டியருகே நின்று, இடுப்பை மடித்துக் குனிந்தேன். ஜெபம் செய்ய வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவள் கணவர் சாமுவேல் அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"நீ வாசல் கேட்டத் தாண்டறப்பவே அவ ஒன் முதுகப் பாத்து குனிஞ்சிட்டாம்மா. 'ரோஷக்காரி, இப்ப திரும்ப மாட்டா. திங்கக்கெழம வந்து குனிவா'ன்னு சிரிச்சிக்கினே உள்ள வந்தா."

அந்த இடத்திலேயே அழுகையோடு சிரித்துவிட்டேன். அவள் சொன்னது சரி. திங்கட்கிழமை நான் குனிந்திருப்பேன்.

போன வாரம் தனியாகத் திருப்பதிக்குப் போய்ப் பச்சை பெல்ட் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக ஒரு பெண்ணோடு பெரிய வாக்குவாதம். சந்திரகிரி வருவதற்குள், ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி எழுந்து அவளுக்குக் குனிந்தேன். அவள் விழித்தாள், பிறகு சிரித்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

எஸ்தரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது வணக்கம். அவள் இருந்தவரை எப்போதும் அவள்தான் முதலில் குனிவாள். இப்போது நான் முந்திக்கொள்கிறேன்.