மீன் வரைந்த தட்டு

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இது கனடாவில், ரூஜ் என்ற பகுதியில், ஒரு வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. அந்த வீட்டு மனோரஞ்சிதம் இன்றைக்கும் சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்துவதில்லை.

அவள் கணவர் கந்தப்போடி இறந்து எட்டாம் நாள். சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் முதல்நாளே சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள். மனிசன் வெறும் வயிற்றோடு போய்விட்டார். மனோரஞ்சிதம் அழவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவர் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும்.

படையலுக்கென்று மகள் கோபிகா வாழையிலை வாங்கி வந்தாள். மனோரஞ்சிதம் அதை அடுக்களையில் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

“அப்பாட தட்டிலயே வைப்பம், பிள்ளை. அதில சாப்பிட்டாத்தானே அவருக்கு வயிறு நிறையும்.”

அது பழைய இத்தாலியத் தட்டு. செம்மண்ணில் செய்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, கையால் வரைந்தது. நீல மீன் ஒன்று; வால் மட்டும் இழுபட்டுக் கோணியிருக்கும். பழைய சாமான் கடையில் கண்டு ஆசையாய் வாங்கி வந்த நாளிலிருந்து, கந்தப்போடி வேறெதிலும் சாப்பிட்டதில்லை.

சோறு, நண்டுக் கறி, முருங்கைக்காய். எல்லாம் படைத்து, போனவர் வந்து சாப்பிடட்டும் என்று வழமைப்படி கதவைச் சாத்திவிட்டு, தாயும் மகளும் வெளியே மாடிப்படியில் இருந்தார்கள்.

கிர்ர்ர்...

“ஹீட்டரா இருக்கும்,” என்றாள் கோபிகா.

கிர்ர்... கிர்ர்...

தட்டை முள்ளுக்கரண்டி சுரண்டும் சத்தம்.

கந்தப்போடி முள்ளுக்கரண்டி பிடித்ததே இல்லை.

சத்தம் நின்றது.

கதவைத் திறந்தார்கள்.

நண்டு அப்படியே இருந்தது. சோறு இல்லை... ஒட்டியிருந்த குழம்பில் நாலு நாலு கோடுகள்.

நாற்காலியில் சோபா மெத்தைகள் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்று.

சின்னப் பிள்ளைக்கு மேசை எட்டுவதற்கு வைப்பதுபோல...

அந்த வீட்டில் சின்னப் பிள்ளை இல்லை.

பின்னேரம், பக்கத்து வீட்டுக் கிழவர் மரியோ துக்கம் விசாரிக்க வந்தார். தட்டைக் கண்டதும் மீனின் கோணல் வாலை விரலால் தடவினார். இத்தாலியில் அவருடைய தகப்பன் மட்பாண்டப் பட்டறையில் சித்திரம் வரைந்தவராம். சூளையில் வைக்குமுன் அந்த வெள்ளைப் பூச்சு வர்ணத்தை உடனே உறிஞ்சிவிடும். கை தவறினால் தவறியதுதான், அழிக்க முடியாது. மரியோவின் தங்கைக்கென்று தகப்பன் இந்த மீனை வரைந்தபோது, கையைத் தட்டிவிட்டவர் மரியோதானாம். தங்கை ஐந்து வயதில் இறந்துபோனாள்.

“அவளோடு போகட்டும் என்று இதை உடைத்தவன் நான்தான்,” என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். “துண்டுகளைச் சவப்பெட்டிக்குள் வைத்தவனும் நான்தான்.”

கோபிகா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டிய அடையாளம் எங்கேயும் இல்லை.

மனோரஞ்சிதம் தட்டைப் பார்க்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப, அவர் சாப்பிடல்லையா?”

கோபிகா தட்டை மேசையில் வைத்தாள். அடுக்களையில், அவருக்கென்று வாங்கிய வாழையிலை சுற்றியபடியே கிடந்தது.