திங்கட்கிழமை நில்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குப் பிடிக்காத சொல் 'நில்'. ஆங்கிலத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்த வாரம் என்ன நோய், எத்தனை பேருக்கு என்று திங்கட்கிழமை மேலே அனுப்ப வேண்டும். யாருக்கும் எதுவும் இல்லையென்றால் நில். தமிழில் படித்தால் நோயைப் பார்த்து அங்கேயே நில் என்று சொல்வது போல இருக்கும். அது எங்கே நிற்கும்?

நான் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தபோது பென்னாகரம் பக்கம் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் இருந்தோம். அப்போதிருந்த டாக்டர், திங்கட்கிழமைக் கூட்டத்தில் யாராவது நில் என்று வாசித்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"உங்க ஊர்ல ஒருத்தனுக்குக்கூட வயிறு கலங்கலையா? நேத்து சந்தையில மீன் வாங்கித் தின்னவன் எல்லாம் எங்கய்யா போனான்?"

கூட்டத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து மிளகு போண்டா வாங்கி வைப்பார். சேதியோடு வருகிறவனுக்குத்தான் முதல் போண்டா. அதற்காகவே டீக்கடையிலும் பஸ்ஸிலும் விசாரித்துக்கொண்டு திரிந்தேன். கண்டக்டர்கள் என்னைப் பார்த்ததும், "போண்டா சார் ஏறிட்டாரு, யாரும் இருமாதீங்க" என்பார்கள். கோபம் வரும். இன்று யாராவது அப்படிக் கூப்பிட மாட்டார்களா என்றிருக்கிறது.

இப்போது எல்லாம் போனில். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எண்ணிக்கையைப் போட்டால் உடனே மேலிருந்து போன் வரும். ஏன் இத்தனை பேர், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், விளக்கம் எழுதுங்கள். நில் போட்டால் ஒரு தொல்லையும் இல்லை. எங்கள் ஆட்களுக்குப் போனில் பதியத் தெரியவில்லை என்று பயிற்சி மேல் பயிற்சி வைக்கிறார்கள். தெரியாமல் இல்லை. திட்டு வாங்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒரே குக்கிராமத்திலிருந்து வாந்தி பேதியோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு குழந்தைக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. பதிய வேண்டியவர் புதிதாக வந்த ஒப்பந்த நர்ஸ்.

மருந்தாளுநர் சொன்னார், "நில் போட்டுட்டு வேலையப் பாரு தாயி. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"நில்லுன்னா நின்னுடுமாண்ணா? வெளிய வாளியோட உக்காந்திருக்காங்க" என்றார் அந்தப் பெண். ஆனால் விரல் திரையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"உள்ளதப் போடும்மா. போன் வந்தா எங்கிட்ட குடு."

போட்டார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சத்தம் எனக்கே கேட்டது. வாங்கினேன்.

"சார், திட்டறத அப்புறம் திட்டிக்கங்க. தண்ணியில குளோரின் இருக்குதான்னு பாக்க அங்கதான் கெளம்பறேன். அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுக்கறதுன்னா எனக்கும் சேத்துக் குடுங்க."

அந்த ஊரில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் உடைந்து கிடந்தது. தண்ணீரை நிறுத்தினோம், அன்றே லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. அந்த வாரத்துக்குள் புதிதாக யாரும் வரவில்லை. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது. மெமோ வரவில்லை. அந்தப் பெண்ணின் புதுப்பிப்பு ஆணையை வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள், ஆனாலும் வந்துவிட்டது.

ஆணை வந்த அன்று போண்டா வாங்கிப்போய் அவர் மேசையில் வைத்தேன். பழைய கடை இப்போது இல்லை. இதில் மிளகே இல்லை.

"எதுக்குங்க சார்?"

"சாப்புடும்மா."

மருந்தாளுநர் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். "எனக்குங்க?"

"உனக்கு நில்" என்றேன்.