பூந்தமல்லிக்கு ஒரு திருத்தப் பயணம்: வைர நாடகமும் நான் எழுதிய தப்பும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, நான் எழுதிய ஒரு வரிக்காக. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் சென்ற மாதம் போட்ட நாடகத்தைப் பற்றி இதே வலைப்பூவில் எழுதியிருந்தேன். ஆப்பிரிக்காவில் ஆயுதக் கும்பல் ஒன்று ஏழைகளை விரல்களை வெட்டி மிரட்டி வைரம் தோண்டவைத்து, அதை விற்றுத் துப்பாக்கி வாங்கும் கதை. ‘விரல்கள் வெட்டப்பட்டவராக நடிப்பவர் அவற்றை மடக்கி ஒளிப்பது மூன்றாவது வரிசைக்கே தெரிகிறது. அந்தக் காட்சிக்கு ஒருவர்கூடக் கைதட்டவில்லை’ என்று பெரிய மேதாவியாட்டம் முடித்திருந்தேன். கீழே ஒரு வாசகி எழுதினார்: ‘அவர் மடக்கவில்லை சார். அவருக்கு விரல்களே இல்லை. கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மிஷினில் போய்விட்டன.’ படித்ததும் கூசிப்போனேன். அதே நாடகம் இப்போது பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது.

மதியம் 3.40க்கு அயனம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ. வானகரம் வரை நான்கு கிலோமீட்டர், இருபது ரூபாய். நாடகம் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“வைரத்துக்காக வெரலை வெட்டுவானுங்களே, அத்தானே? என் ஊட்டுக்காரி பாத்துட்டு வந்து ரெண்டு நாளா சரியா துன்னல சார். மூக்குத்தியக்கூட கயட்டி வச்சிட்டா. அது வெறும் கண்ணாடிக் கல்லுதான், சொன்னா கேக்கமாட்டேங்கிறா!”

அங்கிருந்து பஸ்ஸில் பதினைந்து ரூபாய். மெட்ரோ தூண்களை ஒட்டி ஊர்ந்து, 4.45க்குப் பூந்தமல்லி. பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் ஐந்து நிமிட நடை. நுழைவுச்சீட்டு ஐம்பது ரூபாய்.

ஐந்து மணிக் காட்சியில் மேடையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன். பெரும்பாலும் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்கள். வெட்டும் காட்சி வந்தபோது பக்கத்து இருக்கைக்காரர் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். அந்த வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. முன்வரிசையில் ஒருவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. எப்படித் தட்டுவார்கள்? இதைப் போய்க் குறை என்று எழுதியிருக்கிறேனே!

ஆனால் மேடையில் ஒரு மாற்றம். சென்ற மாதம் வெறுமையாக நீண்ட அந்தக் கை, இம்முறை மணிக்கட்டுவரை துண்டுக்குள் இருந்தது.

காட்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். அந்த நடிகர் ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் மனைவி கஸ்தூரி முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் அதை எழுதியவன் என்றேன். கஸ்தூரியின் கை நின்றது.

“பதினோரு வருசமா அந்தக் கைய பாக்கெட்லயே வச்சிகினு இருந்த மன்சன் சார். பொண்ணு கல்யாண போட்டோலகூட காட்டல. மேடைல மட்டுந்தான் நீட்டினாரு. நீங்க எய்தினத படிச்சிட்டு, ‘நான் ஜனங்கள ஏமாத்துறேன்னு நெனைக்கிறாங்கமே’ன்னு சொல்லி துண்ட சுத்திகினாரு.”

“வுடுமே, வந்துகீறவருகிட்ட போய்...” என்றார் ஏழுமலை.

மன்னிப்புக் கேட்டேன். “அண்ணே, அடுத்த காட்சிக்குத் துண்டு வேண்டாமே” என்றேன்.

“பாக்கலாம் நைனா.”

வீட்டுக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு மறுபடி சீட்டு வாங்கினேன். அந்தக் காட்சி வரும்வரை என்னால் உட்காரவே முடியவில்லை. வந்தது. ஏழுமலை கையை நீட்டினார். துண்டு இல்லை. பின்வாங்கவில்லை. மேடை ஓரத்தில் கஸ்தூரி அந்தத் துண்டை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். நான் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: இந்த மாதம் முழுக்க ஞாயிறுதோறும் ஐந்து மணி, ஏழு மணிக் காட்சிகள் உண்டு. மண்டபத்தில் புழுக்கம் அதிகம், தண்ணீர் எடுத்துப் போங்கள். ஒன்பது மணிக்குமேல் வானகரத்தில் ஷேர் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். ஆப்பிரிக்கச் சுரங்கத்தில் மெட்ராஸ் பாஷையா என்று கேட்காதீர்கள், பத்தே நிமிடத்தில் பழகிவிடும்.

கிளம்பும்போது பழைய பதிவை அழித்துவிடுகிறேன் என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

“அயிக்காத நைனா. அதுக்குக் கீயயே எம்பேரப் போட்டு எய்து, அந்தக் கை என்னுதுன்னு.”

எழுதிவிட்டேன்.