சங்கரியும் கெல்வார் இரண்டாம் பாகமும்

சங்கரியின் தம்பி முத்துக்குமார் காஞ்சிபுரத்தில் சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், "அக்கா, ரெண்டு மாசம் பாத்துக்கோ, வந்துடறேன்" என்று சாவியை அவள் கையில் திணித்துவிட்டு விமானம் ஏறினான். அது 2001. அவன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, குழந்தையின் போட்டோவை அனுப்பிய பிறகுதான், கடை தன் தலையில் நிரந்தரமாக விழுந்துவிட்டது என்று சங்கரிக்கு உறைத்தது.

அதுவரை வீட்டில் கணவன் குமாரவேலோடு தறியில் உட்கார்ந்தவள். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதன்மேல் தூசி படியக் கூடாது என்பதுதான். "அக்கா, ஹேங் ஆயிடுச்சு" என்று யாராவது கூப்பிட்டால் நேராகப் போய் மெயினை அணைத்துவிடுவாள். பக்கத்து மெஷினில் யாரோ பாதி அடித்து வைத்திருந்த பயோடேட்டாவும் சேர்ந்து போகும்.

ஆள் வராத ஒரு மத்தியானம், மூலை மெஷினில் எதையோ அமுக்கப்போய், 'கெல்வார்' என்ற விளையாட்டு திறந்துகொண்டது. ஒரு விண்கலம் ஏதோ பெயர் தெரியாத கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. கேப்டன் ஒருத்தன் மட்டும் பிழைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிறான். அவன் வாயே திறப்பதில்லை. கூடவே முழங்கால் உயரத்தில் 'பிப்' என்றொரு குட்டி ரோபோ. அதற்கும் ஒரே ஒரு 'கீக்' சத்தம்தான்.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ, தனியா மாட்டிக்கினு நிக்குது" என்றாள் சங்கரி. அவனை வீடு சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று உட்கார்ந்தாள். வழி சொல்ல அம்புக்குறியோ வரைபடமோ கிடையாது. காதைத் தீட்டிக்கொண்டு, காற்றுச் சத்தத்தையும் பிப்பின் கீக்கையும் வைத்தே கதவு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். விழுந்து, செத்து, மறுபடி பிழைத்து, ஒருவழியாக அவனை ஊருக்கு அனுப்பினாள். அதன்பின் கெல்வாரில் சிக்கிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் "அக்கா, இந்தக் கதவு?" என்று அவளிடம்தான் வந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, "கீக் கீக்னு ரெண்டு தபா கத்தும் பாரு, அங்க திரும்பு" என்பாள்.

2004இல் இரண்டாம் பாகம் வந்தது. சிடியைக் கொண்டுவந்தவர் சின்னக் காஞ்சிபுரத்து ராமானுஜ். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி ஆசிரியர். பள்ளி விட்டதும், இமெயில் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தினமும் வந்து ஏதாவது கேம் ஆடுபவர்.

"பாருங்கோ, மழை பெய்யறது, தரையில அவன் நிழல் தெரியறது. என்ன ஒரு வேலைப்பாடு!" என்று உருகினார்.

சங்கரி பார்த்தாள். கேப்டன் ஓயாமல் பேசினான். போக வேண்டிய இடத்தைப் பெரிய மஞ்சள் அம்பு காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிப் இங்கிலீஷ் பேசியது.

"இதுக்கு யாரு சார் வாய் குடுத்தது?" என்று பதறினாள். "சிங்கப்பூர் போய் வந்தா மாதிரி பேசுதே! புடவை பூரா ஜரிகையப் போட்டுட்டா போதுமா? கட்டறதுக்குத் துணி வேணாமா?"

"இதுதாம்மா வளர்ச்சி. எத்தனை நாள் இருட்டுல தடவிண்டே இருக்கறது?"

"இருட்டுல தடவறதுதான் சார் ஆட்டமே!"

அன்றோடு கடை இரண்டாகப் பிளந்தது. கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்பதற்கே கோர்ட்டுக்குப் போன ஊரில் கட்சி பிரிவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றாம் கட்சி ஜன்னலோரம், இரண்டாம் கட்சி கதவோரம். பிரிண்ட் எடுக்க வந்த அப்பாவிகளிடம்கூட, "நீங்க ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார்கள். "ரெண்டு காப்பி" என்று சொன்ன ஒருவரை இரண்டாம் கட்சி கட்டிக்கொண்டது.

சண்டை முற்றியபோது ராமானுஜே ஒரு வழி சொன்னார். "நீங்க ரெண்டாவதை முழுசா ஆடலை. நான் முதலாவதைப் பாதியில விட்டவன். ஆளுக்கு ஒண்ணை முடிச்சுட்டுப் பேசுவோம்."

சங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். அம்பைத் திட்டினாள். கேப்டனை "வாய மூடுடா" என்றாள். ஆனால் பிப் பேசுவதைக் கல்லூரிப் பிள்ளைகள் தமிழில் சொல்லச் சொல்ல, அதற்குப் பதில் சொல்லவும் தொடங்கிவிட்டாள். கடைசிக் கட்டத்தில், கேப்டன் தப்பிப்பதற்காக பிப் தானே கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது. 'கேப்டன், இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறது' என்று அது சொன்னதுடன் திரை கறுத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவளின் கண்கள் வீங்கியிருந்தன. குமாரவேல் தறியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பிப்பு போயிட்டான்ங்க. கடைசி வரிக்கும் கூடவே வந்தான்" என்று விம்மிவிட்டு முகம் கழுவக் கொல்லைக்குப் போனாள்.

பக்கத்துத் தறிச் சத்தத்தில் 'பிப்பு' அவன் காதில் 'பிச்சு' என்று விழுந்தது. பிச்சு என்கிற பிச்சாண்டி ஓரிக்கையில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகன். குமாரவேல் அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு, வழியில் ஒரு ரோஜா மாலையும் வாங்கிக்கொண்டு, சைக்கிளை மிதித்தான்.

ஓரிக்கையில் கதவைத் திறந்தது பிச்சுதான். லுங்கியோடு, வாயில் வெற்றிலையோடு நின்றான்.

"வா மச்சான். மாலை யாருக்கு?"

குமாரவேல் மாலையைப் பிரித்தான். "உனக்குத்தான்பா... சும்மா, உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு" என்று அவன் கழுத்திலேயே போட்டுவிட்டான். பிச்சு நெகிழ்ந்துபோனான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு மரியாதையை மச்சான் செய்ததேயில்லை. கோழி அடித்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினான்.

சாயங்காலம் திரும்பிய குமாரவேல், போனது யார் என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், "பொம்மையா? பொம்மைக்கா அழுத?" என்று கத்தினான்.

"பொம்மைன்னு சொல்லாதீங்க" என்றாள் சங்கரி. அவன் கோழியை நினைத்துக்கொண்டு தறியில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் ராமானுஜ் களைத்த முகத்துடன் வந்தார். முதல் பாகத்தை முடித்திருந்தார்.

"சங்கரியம்மா, நீங்க சொன்னதுதான் வாஸ்தவம். அந்த நிசப்தம் இருக்கே! ஒரு பேச்சில்லை, ஒரு அம்பில்லை. ரெண்டாவது வெறும் டாம்பீகம்."

"இன்னா சார் இப்படிச் சொல்றீங்க?" சங்கரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "பிப்பு பேசினதாலதானே அது போறப்ப நமக்கு அழுகை வந்தது? வெறும் கீக்குன்னு கத்திட்டுப் போயிருந்தா, வேற மெஷினு வாங்கிக்கலாம்னு விட்டிருப்போம்!"

"அழ வெக்கறதா பெரிசு? யோசிக்க வெக்கணும்!"

ஜன்னலோரக்காரர்களும் கதவோரக்காரர்களும் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் முழித்தார்கள். சிலர் தலைவரோடு இடம் மாறினார்கள். சிலர் கொள்கையோடு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை முன்பைவிட உரக்கத் தொடர்ந்தது. கெமிஸ்ட்ரி ஆசிரியர் இமெயில் பார்க்க வருவதாகச் சொல்வதையே விட்டுவிட்டார்.

அந்தக் களேபரத்தில் ஒருவன் இன்டர்நெட்டில் எதையோ படித்துவிட்டு, "மூணாவது பாகம் வருதாம்!" என்று கத்தினான்.

இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

"நல்லா இருக்காது" என்றாள் சங்கரி.

"நிச்சயமா இருக்காது" என்றார் ராமானுஜ்.