காற்று வழியில் சந்தனம்

அன்று திண்டிவனத்தில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான், முதலாளி, கிளியனூரிலிருந்து வந்த கல்லூரிப் பெண், டிராக்டர் ஓட்டும் அவள் அப்பா என நான்கு பேர் இருந்தோம்.

மறுநாள் விழுப்புரத்தில் அவள் புராஜெக்ட் காட்ட வேண்டும். அதற்கு அவள் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அது நகரவே இல்லை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். எதைத் தொட்டாலும் கெடுத்துவிடுவேனோ என்றுதான் இருக்கும். விர்ச்சுவல் மெஷினுக்கு மெமரியைக் கூட்டிக் கொடுத்தேன், லேப்டாப்பே திணறியது. பழையபடி குறைத்தேன். அடியில் கை வைத்தால் சுட்டது. திருப்பிப் பார்த்தேன். காற்று போகும் ஓட்டைகளில் காய்ந்த சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு வெச்சங்க. டிராக்டருக்கு வெக்கிற மாதிரி நாலு பக்கமும்," என்றார் அப்பா.

"மூக்க அடைச்சிட்டு மூச்சு வுடுன்னா எப்படிங்க?" என்று முதலாளி சிரித்தார்.

"உன்ன யாருப்பா வெக்கச் சொன்னது?" பெண்ணுக்குக் குரல் உடைந்தது.

சுரண்டி எடுத்து, விசிறியைத் துடைத்து மாட்டினேன். விர்ச்சுவல் மெஷின் ஓடியது. எனக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. நாளைக்கு அங்கே நின்றுவிட்டால் என்றுதான் நினைத்தேன்.

முதலாளி முந்நூறு ரூபாய் கேட்டார். அப்பா நூறு ரூபாய் கொடுத்தார். "பாப்பா பாஸானதும் மீதிய கொண்டாந்து தர்றங்க."

பிறகு அவர்கள் வரவேயில்லை. இருநூறு ரூபாய் இன்னும் பாக்கி.