அது 'உமல் வீரன்' இரண்டாம் பாகத்தின் ட்ரெயிலர் அல்ல

அருள்தாசை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். நேற்று முன்தினம் காலை, எங்கள் தீவகத்துச் சுருவில் ஊரில், நடுத்தெருவில்.

'காலமானார்' என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, விழுந்த பிறகு முதுகில் ஒன்று... அதற்குப் பெயர் காலமாவதல்ல.

ஒலிபெருக்கியும் மின்விளக்கும் வாடகைக்குக் கொடுத்துப் பிழைத்தவர். 'உமல் வீரன்' எடுத்து, தானே வீரனாக நடித்தவர் என்றால் உங்களில் பலருக்கு உடனே விளங்கும். பனையோலைப் பையான உமலைத் தலையில் கவிழ்த்து, அதில் இரண்டு துளை வெட்டி, இடுப்பில் உடுக்கும் சாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு தீவகத்துக் கள்வர்களை அடித்து நொறுக்கும் மாவீரன். துளைகள் ஒருநாளும் கண்ணுக்கு நேரே நின்றதில்லை. ஆகையால் பாதி அடி அப்பாவிகளுக்கே விழும்.

யூடியூபில் பார்த்துவிட்டு ரொறன்ரோ வரை சிரித்தீர்கள். சரி.

இரண்டாம் பாகத்தில் நான்தான் வில்லி. அதற்காக ஒருநாள் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

"எனக்கு நடிக்க வராது, தாஸ். வேறை ஆளைப் பாரும்."

"நடிக்க வேண்டாம் ரீச்சர். பிந்தி வாற பிள்ளையை வகுப்பு வாசல்லை வைச்சுப் பாப்பியள் எல்லே, அப்பிடி ஒருக்கால் பாருங்கோ. அதுவே காணும்."

பல்கலைக்கழகத்தில் நாடக இலக்கியம் கற்றவள் நான். இவ்வளவு நேர்மையான விமர்சனத்தை அங்கே ஒருவரும் எனக்குத் தந்ததில்லை.

அவருடைய படத்தில் பொய்யடி கிடையாது. வீரனின் உமலைக் கழற்றிவிட்டு நான் அவருடைய கன்னத்தில் அறையவேண்டிய காட்சி. முதல் அறைக்கு, "என்ன ரீச்சர், பவுடர் பூசிறியளோ?" என்றார். அடுத்த அறையில் உதடு வெடித்துச் சட்டையெல்லாம் இரத்தம். நான் சேலைத் தலைப்பை எடுத்துக்கொண்டு போக, "துடையாதேங்கோ, படத்தை எடுங்கோ, எடுங்கோ" என்று கத்தினார்.

மற்ற நாட்களில் இரத்தத்துக்குப் பீற்றூட் அவித்த தண்ணீர். அதில் குளித்தபடி தெருவில் கிடப்பார். மீன் வாங்கப் போகிற சனம், "தாஸ், இண்டைக்கு ஆர் அடிச்சது?" என்று கேட்டுவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போகும்.

முதற்பாகம் முழுவதும் அடிதடி. இரண்டாம் பாகத்தில் வீரனுக்கு ஒரு மனைவியை வைத்தார். தன் சொந்த மனைவி ரோசலினையே வைத்தார். வீரன் அடிவாங்கி வீட்டுக்கு வர, அவள் நல்லெண்ணெயைச் சூடாக்கி, திட்டித் திட்டி முதுகில் தடவுகிறாள். வசனம் எழுதித் தரவில்லையாம். ரோசலினுக்கு அது தேவைப்படவுமில்லை.

"மாவீரனுக்கு என்னத்துக்கு மனுசி? வேகம் குறையப்போகுது" என்றேன்.

"அடி வாங்கினவன் வீட்டை போகத்தானே வேணும் ரீச்சர்" என்றார்.

அந்தக் காட்சியைப் பார்த்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லமாட்டேன்.

நேற்று முன்தினம் ஷூட்டிங்குக்காகத் தலையில் உமலோடும் முதுகில் சாரத்தோடும் புறப்பட்டிருக்கிறார். வழியில் இரண்டு சகோதரர்கள். வேலி அடைக்கும் காலம் அல்லவா... ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் வேலிக்கம்பான கதியால் அடுத்தவன் காணிக்குள் ஒரு விரல் நகரும். நகர்த்தியது நீயா நானா என்று தொடங்கித் தெருவுக்கு வந்து கத்தியைத் தூக்கிவிட்டார்கள். தாஸ் நடுவில் புகுந்தார்.

அந்த இருவரும் முதற்பாகத்தில் அடியாட்களாக நடித்தவர்கள்.

ஆகவே சனம் கைதட்டியது. தலையில் உமல், எதிரே பழைய அடியாட்கள், தெருவெல்லாம் சிவப்பு... விசில்கூட அடித்தார்கள். தாஸ் எழும்பவில்லை என்பது விளங்கியபோது சகோதரர்களில் ஒருவன் கத்தியை எறிந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். மற்றவன் அங்கேயே குந்திவிட்டான்.

ஓட்டோ வைத்திருக்கும் சேகர் அதை வீடியோ எடுத்து, விழுந்தவுடனேயே பேஸ்புக்கில் போட்டிருந்தார். 'உமல் வீரன் 2 ட்ரெயிலர்' என்று. பிறகு அவர் நீக்கினாலும், அதற்குள் அதைப் பகிர்ந்தவர்கள் நீங்கள். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

செத்தவீட்டில் ரோசலின் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. போனைக் கண்ணுக்கும் காதுக்குமாக மாற்றி மாற்றிப் பிடித்து, திரும்பத் திரும்ப.

"ரீச்சர், விழ முதல் அவர் என்னவோ சொல்லுறார். உமல் அசையுது, பாருங்கோ. சனம் சிரிக்கிற சத்தத்திலை கேக்க ஏலாமல் கிடக்கு."

நானும் கேட்டுப் பார்த்தேன். சிரிப்புத்தான் கேட்டது.

பக்கத்தில் நின்று எடுத்த ஆள் ஒருவர் இருக்கிறார் அல்லவா? போய்ச் சேகரைக் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்று நின்றார். எப்படிக் கூட்டிவந்தேன் என்பது அவருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

"என்ன சொன்னவர் எண்டு அக்காவுக்குச் சொல்லும்."

"முதல் அவங்களைப் பாத்து 'விடுங்கோடா, விடுங்கோடா' எண்டவர். பிறகு என்ரை பக்கம் திரும்பினவர்..."

"திரும்பி?" ரோசலின் கேட்டா.

"'போனை வைச்சிட்டு ஓடிவா சேகர், இது படமில்லை' எண்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

சேகர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "'சூப்பர் அண்ணை' எண்டனான்."

அவ அவரை அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன்.

"வடிவாச் சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டவரோ?"

"ஓம் அக்கா. சத்தமாத்தான்."

ரோசலின் போனை நிறுத்திவிட்டு, பிரேதத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தா. அதன் பிறகு அதைப் பார்க்கவில்லை.

பொலிசார் தங்களுக்கு வேண்டிய பிரதியை எடுத்துவிட்டார்கள். மற்ற எவரிடமும் அது இருக்கவேண்டிய தேவையில்லை. அழித்துவிடுங்கள்.

நாளை காலை பூசை முடிந்து அடக்கம். வருகிறவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

போய்வாரும், தாஸ்.